தேறலின் விலை

புறநானூற்றின் 56ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒரு சலசலப்பு எழுவது வழக்கம். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. யவனர் கொணர்ந்த குளிர்ந்த, மணம் மிக்க தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, அதனை உண்டு இனிது வாழ்க என மன்னனை அப்பாட்டு வாழ்த்துகிறது. வடமதுரையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இருந்து வருகிற நம் மாணவர்களுக்கு மது என்றதும் நினைவில் எழுவது அரசுக் கடையின் கம்பிக் கூண்டு. சென்ற பருவத்தில் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்தத் தேறல் நெசமாவே ஒசத்திச் சரக்குங்களா?" என்றான். வகுப்பே சிரித்தது. நமக்கோ அது நல்ல கேள்வியாகப் பட்டது.

விடையின் ஒரு பகுதி மண்ணுக்குள் கிடந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மத்தியதரைக்கடல் நாடுகளின் இருகைப்பிடி மதுச்சாடிகள் உடைசல்களாகக் கிடைத்தன. அச்சில்லுகளைப் பின்னாளில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எலிசபெத் வில், அவற்றுள் பெரும்பகுதி கோசுத் தீவு வகையைச் சேர்ந்தவை எனக் கண்டார். கோசு மது கடல்நீர் கலந்து செய்யப்பட்டது. இத்தாலியத் திராட்சையைக் கொண்டே அதைப் போலச் செய்துகொள்ளும் முறையைக் கேட்டோ தம் வேளாண் நூலில் எழுதிவைத்திருக்கிறார். போலி செய்யுமளவுக்குப் பரவலாக விற்ற, எளியவரும் வாங்கிக் குடித்த மது அது. உரோமானியச் செல்வர்கள் போற்றிய உயர்தர மது வேறு. அது காம்பானியா நாட்டின் ஃபலேர்னியம்.

இரண்டுக்கும் விலை வேறுபாடு எவ்வளவு? கி.பி. 79இல் வெசுவியசின் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்து மதுக்கடைச் சுவரில் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. சாதாரண மதுவுக்கு ஒரு 'ஆசு' காசு, அதனினும் நல்லதற்கு இரண்டு, ஃபலேர்னியத்துக்கு நான்கு. மட்டத்துக்கும் உயர்வுக்கும் இடையே நான்கு மடங்குதான்!

நன்மாறனின் பொற்கலத்தில் இருந்தது எதுவென்று பாட்டு சொல்லவில்லை. ஆயினும் உரோமக் கடைத்தெருவில் எளியவர் குடித்த மது, கடல் கடந்து நம் கரை சேர்ந்ததும் அரசர்க்குரியதாகியிருக்கக் கூடும். தொலைவும் விலையாகிவிடுகிறது.

இன்றைய நிலையும் அதுவே. இறக்குமதி மதுவுக்கு இந்தியா நெடுங்காலம் 150 விழுக்காடு அடிப்படைச் சுங்கவரி விதித்துவந்தது. 2022 திசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்த ஆத்திரேலிய ஒப்பந்தம், போத்தல் 5 டாலருக்கு மேற்பட்டதாயின் வரியை 100 ஆகவும், 15 டாலருக்கு மேற்பட்டதாயின் 75 ஆகவும் குறைத்து, மேலும் படிப்படியாக இறங்க வகைசெய்தது. ஐந்து டாலருக்கு உட்பட்ட போத்தலுக்குச் சலுகை இல்லை. மலிவான மதுதான் இங்கே முழு வரியையும் சுமந்து வருகிறது.

நாம் குடிப்பழக்கம் உடையவரல்லோம். மெல்பர்னில் வாழும் கல்லூரித் தோழர் விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு மிடறு சுவைத்ததோடு சரி. அவர் சொன்ன இலக்கணம் நினைவில் நிற்கிறது: "பேர் பெற்ற ஊரின் கடைசித் தரத்தை வாங்குவதைவிட, பேர் பெறாத ஊரின் முதல் தரத்தை வாங்கு." எடுத்துக்காட்டாகச் சிலி நாட்டைச் சொன்னார். பிரான்சின் போர்தோவில் பூச்சித் தாக்குதலுக்குப் பின் ஏறக்குறைய அற்றுப்போன கார்மெனேர் என்னும் கொடி அங்கே மெர்லோ என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தது. 1994இல்தான் பூர்சிக்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் அதை அடையாளம் கண்டார். சுவை அங்கேயே இருந்தது, பெயர்தான் பிந்தி வந்தது. இன்னொன்றும் சொன்னார். உலகின் பெரும்பாலான திராட்சை மது ஓரிரு ஆண்டுகளில் குடிப்பதற்கென்றே செய்யப்படுவது. முதிர முதிர எல்லாம் சிறக்கும் என்பது மயக்கம். அதிலும் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கடை அலமாரியில் நின்று வெந்த போத்தலுக்குப் பழைமை பெருமையன்று.

முதிர்வைப் பற்றி நம் முன்னோர் அறியாதவரல்லர். பாரியின் நாட்டைப் பாடும் கபிலர், நிலத்தில் புதைத்து முதிர்வித்த மதுவைக் குறிக்கிறார் (புறம் 120). மண்சாடியைப் புதைத்து மது செய்யும் சியார்சிய மரபை 2013இல் யுனெசுகோ உலகின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. நமக்கும் மூங்கிற்குழாயில் முதிர்ந்த தேறல் இருந்தது. வீட்டில் காய்ச்சிய நெற்கள்ளான தோப்பி இருந்தது. நறவு, மட்டு, அரியல், பிழி என எத்தனை பெயர்கள்! இன்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 'சரக்கு' என்ற ஒரே சொல். இத்தனைக்கும் சிறுமலை அடிவாரத்தில் திராட்சைப் பந்தல்கள் உள்ளன. தேனிப் பக்கத்துக் கம்பம் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மசுகட் ஆம்பர்க் என்னும் அயல்வகைதான் இங்கே பன்னீர் ஆயிற்று. அது கூடைகளில் ஏறிப் பழக்கடைக்குப் போகிறது.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது முன்வரிசையில் ஒரு மாணவி தலைநிமிராமல் சொன்னாள்: "எங்கப்பாவுக்கு ஒசத்தி, மட்டம் எல்லாம் ஒண்ணுதாங்கய்யா. மணி பன்னெண்டு ஆனா போதும்." இம்முறை எவரும் சிரிக்கவில்லை. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்தும் மாநிலத்தில், அந்தப் பெண்ணின் சொல்லை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட்டு நக்கீரரை மட்டும் நடத்த இயலாது. தெரிவு செய்தல் என்பதே கையை நீட்டவும் மடக்கவும் வல்லவனுக்கு உரியது. மடக்க இயலாதவனுக்கு ஃபலேர்னியமும் கோசும் ஒன்றே.

அன்று மாலை தேறல் என்ற சொல்லையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தோம். தேறு என்னும் வேர்ச்சொல்லுக்குக் கலங்கல் அடங்கித் தெளிதல் என்பது ஒரு பொருள். ஆராய்ந்து நம்புதல் என்பது மற்றொரு பொருள். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஆட்களை ஆராய்ந்து நம்புவதைப் பேசும் தெரிந்து தெளிதலில் இந்தச் சொல்லையே ஆள்கிறார்.

மறுநாள் வகுப்பில் 235ஆம் பாட்டை எடுத்தோம். அதியமான் மறைந்தபின் ஔவை பாடியது. கள் சிறிதளவே கிடைத்தால் அதை எமக்கே தந்துவிடுவான் என்று அவனை நினைந்து அழும் பாட்டு. என்ன கள், எந்த ஊர்க் கள் என்று ஔவை சொல்லவில்லை. தனக்கென வைத்துக்கொள்ளாமல் கையை மடக்கிக்கொண்ட ஒருவனையே அவள் நினைத்துக்கொள்கிறாள். பாட்டை முதலில் வாய்விட்டுப் படிக்கும்படி முன்வரிசை மாணவியையே கேட்டோம். தடங்கலின்றிப் படித்தாள்.