புழுக்கத்தில் உறையும் பனி

விமானம் ஓட்டக் கற்பவர் இயந்திர நூலும் பயில வேண்டுமோ எனப் பெற்றோர் பலர் வினவுகின்றனர். விமானிப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் என் தமக்கை மகனுடன் அமர்ந்து அவன் பாடங்களை வாசித்தபின், எனக்கு அந்த ஐயம் இல்லை.

1932-இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொணர்ந்த பஸ் மாத் விமானமும், இன்றும் பயிற்சிக்கு உதவும் செஸ்னா 152-உம் நான்கு சிலிண்டர் பிஸ்டன் எஞ்சின் கொண்டவை. செஸ்னாவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். அவற்றுக்குத் தீப்பொறி தர இரண்டு மாக்னெட்டோக்கள். ஒன்று பழுதுற்றால் மற்றொன்று காக்கும்.

ஆயினும் அவ்விரண்டாலும் தடுக்க இயலாத பகை ஒன்றுண்டு, அது பனி. கார்புரேட்டரில் எரிபொருள் ஆவியாவதாலும், குறுகிய வழியில் காற்று விரைவதாலும், வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்கு மேலும் தாழக்கூடும். கொல்கத்தாவின் ஈரக்காற்றில், வெளியே 25 டிகிரி இருப்பினும், உள்ளே பனி உறைந்து காற்றை அடைக்கும். எஞ்சின் விசையைக் குறைத்துத் தரையிறங்க வரும் வேளையில் இவ்வபாயம் மிகுதி.

முதற்குறி, சுழற்சி எண்ணிக்கை குறைவது. உடனே சூடேற்றும் பிடியை இழுத்தால் வெங்காற்று புகுந்து பனியை உருக்கும். உருகிய நீர் உட்செல்லுங்கால் எஞ்சின் முன்னினும் அதிகமாகக் குலுங்கும். காரணம் அறியாதவர் அஞ்சிப் பிடியைத் திரும்பத் தள்ளிவிடுவர். பனி மீண்டும் சேரும். அக்கணத்தில் கையை உறுதியாக நிறுத்துவது கற்ற அறிவே.

ஆதலின், பெரும்பொருள் செலவிட்டு மகனையோ மகளையோ அனுப்பும் பெற்றோர், எத்தனை மணி பறந்தாய் என்பதோடு, எஞ்சினைப் பற்றி என்ன கற்றாய் என்றும் கேட்பாராக.