எண்ணைச் சொல்லிட்டு எண்டர் அடி

"நெட் ஸ்லோவா இருக்கு." தூத்துக்குடியில் நெட்வொர்க் வேலை பழக வந்தவன் காதில் அதிகம் விழும் வாக்கியம் இதுதான். கடற்கரைச் சாலை ஷிப்பிங் ஏஜென்சியிலும் இதையே சொல்வார்கள், துறைமுகத்துக்குப் போகும் வழியிலுள்ள கன்டெய்னர் கிடங்கிலும் இதையே சொல்வார்கள். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி இதைக் கேட்டதும் ஸ்பீடு டெஸ்ட் பக்கம் எதையும் திறக்க மாட்டார். "அது வெளி லைனைல்லா அளக்கும். இவங்க ஃபைலு இந்த ரூம்ல இருந்து அந்த ரூமுக்குல்லா போகுது" என்பார்.

பெரிய ஃபைல் ஒன்றை காப்பி போட்டு நேரம் பார்த்தால் போதாதா என்று நானும் கேட்டேன். போதாது. அதில் இரண்டு ஹார்ட் டிஸ்கும் ஆன்டிவைரஸும் சேர்ந்து அளக்கப்படும். கேபிளை மட்டும் தனியே பார்க்க ஐபெர்ஃப் என்ற நிரல் வேண்டும். அது ஒரு கம்ப்யூட்டரின் மெமரியில் வெற்றுத் தரவை உண்டாக்கி அனுப்பும், மறுமுனை வாங்கியதும் வீசிவிடும். டிஸ்க்கைத் தொடாது. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் இருந்த மைக் மூஸ் 1983-இல், பாக்கெட் போய்வரும் நேரத்தைச் சொல்லும் பிங் நிரலை எழுதினார். ஐபெர்ஃபின் வேலையைச் செய்யும் டிடிசிபி என்ற பழைய நிரலிலும் அவருக்குப் பங்குண்டு. ஐபெர்ஃப் பிறந்தது இல்லினாய் பல்கலைக்கழகத்தில். இன்று நாங்கள் ஓட்டும் மூன்றாம் பதிப்பை லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் இஎஸ்நெட் குழு புதிதாக எழுதியது.

கட்டளை சின்னதுதான். ஒரு லேப்டாப்பில் ஐபெர்ஃப்3, ஹைஃபன் எஸ். அது 5201 என்ற போர்ட்டில் காத்திருக்கும். விண்டோஸ் ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை முதலில் திறந்துவிட வேண்டும். இன்னொரு லேப்டாப்பில் ஐபெர்ஃப்3, ஹைஃபன் சி, பிறகு முதல் லேப்டாப்பின் ஐபி முகவரி. நொடிக்கு ஒரு வரியாகப் பத்து நொடி ஓடிவிட்டுச் சராசரியைச் சொல்லும். ஹைஃபன் பெரிய ஆர் போட்டால் எதிர்த்திசையில் ஓடும்.

இதை யாரும் ஐந்து நிமிடத்தில் படித்துக்கொள்ளலாம். அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தது வேறு. எண்டர் தட்டப் போகும் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு வரும்? எண்ணைச் சொல்லிட்டு அடில" என்பார். கிகாபிட் என்றால் 1000 வரும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கணக்கைத் தாளில் போட வைத்தார். ஒரு பாக்கெட் 1500 பைட். அதில் முகவரி, டைம்ஸ்டாம்ப் முதலான தலைப்புகளுக்கு 52 பைட் போய்விடும், சரக்கு 1448. கேபிளில் போகும்போது ஈத்தர்நெட் தன் பங்குக்குத் தலைப்பு, சரிபார்ப்பு, இடைவெளி என்று 38 பைட்டைச் சேர்க்கும், மொத்தம் 1538. 1448-ஐ 1538-ஆல் வகுத்தால் 94 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆக, குறையில்லாத கிகாபிட் கேபிள் 941 மெகாபிட் காட்டும். டைம்ஸ்டாம்ப் போடாத விண்டோஸ் கம்ப்யூட்டரில் 949. இந்த எண் நோட்டில் எழுதியிருந்தால்தான் திரையில் வரும் 700 பேசும். பெரும்பாலும் கேபிள் மேல் குற்றமிராது, லேப்டாப்பில் செருகிய மலிவான யுஎஸ்பி அடாப்டராக இருக்கும்.

94 வந்தால் யோசிக்கவே வேண்டாம், அது 100 மெகாபிட்டின் 94 சதவீதம். இந்த ஊரில் அந்த எண்ணை அடிக்கடி பார்ப்போம். கேபிளுக்குள் ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று நான்கு ஜோடிக் கம்பிகள். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். உப்பங்காற்று ஜாக்கின் பொன்பூச்சு தேய்ந்த இடத்தில் பிடித்து, பச்சை பூத்து, நீல ஜோடியில் ஒரு முள்ளைத் தின்றால் போதும், பல நெட்வொர்க் கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். சுவிட்சில் விளக்கு எரியும், மெயில் வரும், பில் அச்சாகும். சேதமான கன்டெய்னர்களின் போட்டோக்களை மொத்தமாக சர்வரில் ஏற்றும் நாளில்தான் "ஸ்லோ" என்ற சொல் கிளம்பும். ஜாக்கை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்து மறுபடி அளந்தால் 941. கடலோரத்தில் மலிவு கேபிள் போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. பிளேடால் சுரண்டினால் செம்புப் பூச்சுக்குள் அலுமினியம் வெள்ளையாகத் தெரியும்.

மாதிரி பார்த்துக் கணக்குச் சொல்வது இந்தக் கரைக்குப் பழைய வேலை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன் கடலடிச் சிப்பிப் பார்களில் ஆள் இறக்கிக் கொஞ்சம் சிப்பி எடுத்து, முத்தைப் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் பெறும் என்று மதிப்புப் போடுவார்கள். அது தேறினால்தான் படகு இறங்கும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. எங்கள் பத்து நொடியும் அப்படி ஒரு மாதிரிதான். ஆனால் ஐபெர்ஃப் ஓடும்போது லைன் முழுவதையும் தானே நிரப்பிவிடும். சுங்கத்துக்கு பில் ஆஃப் என்ட்ரி போட்டுக்கொண்டிருப்பவரின் வேலை அந்த நேரம் திணறும். சாப்பாட்டு நேரத்தில், கேட்டுக்கொண்டுதான் ஓட்டுவோம்.

உப்பளங்களைத் தாண்டிக் கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் இடையே வயர்லெஸ் கட்டிய இடங்களில் 941 பேச்சே இல்லை. அங்கே ஒரே அலைவரிசையைப் போக்கும் வரவும் பங்குபோட்டுக்கொள்ளும். போதாததற்குப் பாத்தியில் தேங்கிய தண்ணீர் அலையைத் திருப்பியடிக்கும். சிசிடிவி அந்த வழியே வருவதால் ஹைஃபன் யு போட்டு, தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத யுடிபி முறையில் ஓட்ட வேண்டும். வேகத்தை ஹைஃபன் பி கொண்டு நாமே கொடுக்காவிட்டால் அது 1 மெகாபிட் மட்டுமே அனுப்பிவிட்டு "எல்லாம் நலம்" என்று சொல்லும். கேமராக்களுக்கு 20 மெகாபிட் வேண்டுமென்றால் 20 அனுப்பி, எத்தனை பாக்கெட் தொலைந்தது, எவ்வளவு தள்ளாடியது என்று பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒரு சரக்கு நிறுவனத்தின் சென்னை லைன். 100 மெகாபிட்டுக்குக் காசு கட்டுகிறார்கள், கோப்பு போவதோ 35-இல். ஐபெர்ஃப் ஓட்டினால் 90-க்கு மேல். அண்ணாச்சி பிங் போடச் சொன்னார்: போய்வர 15 மில்லிநொடி. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னை 600 கிலோமீட்டர், நடுவில் ரவுட்டர்கள் வேறு. அந்த நிறுவனத்தின் பழைய மென்பொருள் 64 கிலோபைட் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்காகச் சும்மா நின்றது. 15 மில்லிநொடிக்கு ஒரு முறை 64 கிலோபைட் என்றால் என்ன வேகம், கணக்குப் போடு என்றார். 35 வந்தது. ஐபெர்ஃபில் ஹைஃபன் டபிள்யூ 64கே போட்டு அதே நோயை வேண்டுமென்றே வரவழைத்தோம். திரையிலும் 35-ஐ ஒட்டியே நின்றது. மேனேஜர் இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். லைன் கொடுத்தவர்களுக்கு எழுதி வைத்திருந்த புகார்க் கடிதத்தை மேசை டிராயருக்குள் தள்ளிவிட்டு, அந்த மென்பொருளை விற்றவரின் நம்பரை செல்போனில் தேட ஆரம்பித்தார்.