சத்திரத்தில் ஒரு சர்வர்

சென்னையிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் ஏறினால், திருவள்ளூர் தாண்டி, திருத்தணிக்கு முன்னால் கனகம்மாசத்திரம் வரும். பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கத்திலேயே இந்த ஊரைக் கடந்துவிடுவார்கள். அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் என்பதால் நான் மட்டும் விழித்திருந்து இறங்கிவிடுவேன்.

அக்கா வீட்டுக்காரர் பஜனை கோஷ்டியில் பாடுகிறவர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகளோடு திருத்தணி மலை ஏறுவார். டிசம்பர் 31 படித் திருவிழாவில், 365 படிகளிலும் திருப்புகழ் பாடிக்கொண்டு போகும் கூட்டத்தில் அவர் குரல் தனியாகக் கேட்கும். மைக் வேண்டாம். 2005-ல் போய்ச் சேர்ந்தார். மிச்சம் 11 கேசட்.

2009-ல் அவர் பையன், அப்போது இன்ஜினீயரிங் மாணவன், கேசட்டுகளை கம்ப்யூட்டரில் ஏற்றினான். சொந்தக்காரர்கள் நகரி, புத்தூர், துபாய் என்று சிதறிக் கிடக்கிறார்கள். (1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே தங்கிவிட்டன. சம்பந்தம் பண்ணும்போது யார் எல்லையைப் பார்த்தார்கள்?)

"நம்ம வீட்டு கம்ப்யூட்டர்லயே வெச்சிடறேன் மாமா. யாருக்கு எப்ப வேணுமோ நெட்ல வந்து கேட்டுக்கட்டும்" என்றான்.

இதற்குப் பெயர்தான் சர்வர். ஏசி அறையில் பச்சை விளக்கு மினுக்கும் பெரிய பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓட்டலில் சாம்பார் ஊற்றுகிறவருக்கு ஏன் அந்தப் பெயரோ, இதற்கும் அதனால்தான். கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. உலகத்தின் முதல் வெப் சர்வரே ஸெர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உபயோகித்த மேஜைக் கம்ப்யூட்டர்தான். யாராவது அணைத்துவிடப் போகிறார்களே என்று, 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்று அதன் மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். பையனும் ஒட்டினான். அக்கா படித்துப் பார்த்துவிட்டு தினம் அணைத்தாள். கரண்ட் பில் யார் கட்டுவது?

அக்காவைச் சமாதானப்படுத்தியதும் அடுத்தது. மோடத்தை அணைத்துப் போட்டால் வீட்டின் ஐ.பி. முகவரி மாறிவிடும். அடிக்கடி கதவு நம்பர் மாறினால் போஸ்ட்மேன் என்ன செய்வார்? அதற்கு ஒரு இலவச சேவையைப் பிடித்தான். வெப்புக்கு வழக்கமான 80-ம் நம்பர் போர்ட்டை இணைப்பு கொடுத்த கம்பெனி அடைத்திருந்தது. 8080 என்று கொல்லைப்புறக் கதவைத் திறந்தான். துபாய் சித்தப்பா முதல் பாட்டைக் கேட்டுவிட்டு போன் பண்ணி, "அண்ணன்டா..." என்றவர் மேற்கொண்டு பேசவில்லை. ஐ.எஸ்.டி. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்தக் காலத்து டெலிபோன் கம்பி பிராட்பேண்டில் வீட்டுக்குள் வருவது வேகம், வெளியே போவது சொட்டு. அவன் வீட்டிலிருந்து வெளியே போனது 256 கிலோபிட். ஒரு பாட்டுக்கு 64 வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேர் கேட்கலாம், ஐந்தாவதாக புத்தூர் அத்தை வந்தால் எல்லாருக்கும் திக்கும்.

மூன்றாம் மாசம் 8080-ம் அடைபட்டது. கஸ்டமர் கேரில், வீட்டு இணைப்பில் சர்வர் நடத்தக் கூடாது என்று விண்ணப்பத்திலேயே போட்டிருக்கிறது, வேண்டுமானால் பிசினஸ் பிளான் எடுங்கள் என்றார்கள். மாதக் கட்டணம் நாலு மடங்கு. பையன் சிரித்தான். "சத்திரத்துல சர்வர் வெக்கக் கூடாதாம் மாமா!"

கம்பெனி பக்கமும் நியாயம் உண்டு. 2001-ல் 'கோட் ரெட்' என்ற புழு, கவனிப்பாரற்றுக் கிடந்த வெப் சர்வர்களில் புகுந்து 14 மணி நேரத்துக்குள் 3,59,000 கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. வீட்டு இணைப்புகளில் 80-ஐ அமெரிக்காவில் சிலர் அடைத்தது அதற்குப் பிறகுதான். மெயிலுக்கான 25-ஐ அடைப்பதையும் நான் ஆதரிப்பேன். வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள்தான் குப்பை மெயில் தொழிற்சாலைகள். ஆனால் பிசினஸ் பிளானுக்குக் காசு கட்டினால் புழு வராதா? இந்த ஒரு கேள்விக்கு கஸ்டமர் கேரில் பதில் இல்லை.

இது நம்மூர் அல்பத்தனம் மட்டும் இல்லை. 2012-ல் கன்சாஸ் சிட்டியில் வினாடிக்கு ஒரு கிகாபிட் கொடுத்த கூகுளும் வீட்டில் சர்வர் கூடாது என்றுதான் போட்டிருந்தது. புகார் கிளம்பி, 2013-ல் சொந்த உபயோகத்துக்கு, வியாபாரம் இல்லையென்றால் சரி என்று இறங்கி வந்தது.

இப்போது அக்கா வீட்டில் ஃபைபர். போக 100 மெகாபிட், வர 100. தடை நீங்கியதா? முகவரியே இல்லை! பழைய ஐ.பி. முறையில் மொத்த முகவரிகள் சுமார் 429 கோடி. ஆசிய பசிபிக் பக்கத்துக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. எனவே பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்கிறார்கள். அபார்ட்மென்ட் மாதிரி. உள்ளேயிருந்து யாரும் வெளியே போகலாம். வெளியிலிருந்து வந்து கேட்டால் எந்த வீடு என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. ஐ.பி. ஆறாம் பதிப்பில் முகவரிப் பஞ்சமே கிடையாது, ஆனால் அவன் வீட்டு மோடம் அதில் வருகிறவர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. செட்டிங்குக்குள் போக பாஸ்வேர்டு கம்பெனியிடம்.

இலவசமாக ஏதாவது தளத்தில் போட்டுவிட்டால் போச்சு என்பீர்கள். போட்டான். அப்பா 'முருகா' என்று உருகுகிற இடத்தில் ஜட்டி விளம்பரம் வந்தது. அக்கா கேட்டுவிட்டு, "மொதல்ல அத எடுத்துடுடா" என்றாள்.

கடைசியில் மும்பையில் ஒரு சின்ன சர்வரை மாத வாடகைக்குப் பிடித்தான். வீட்டுக் கம்ப்யூட்டர் தானாக மும்பைக்கு ஒரு சுரங்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேட்கிறவர்கள் மும்பை வாசலில் தட்டினால் பாட்டு கனகம்மாசத்திரத்திலிருந்து போகும். போன ஆடிக் கிருத்திகைக்குப் போயிருந்தபோது இதைக் காகிதத்தில் படம் போட்டு அக்காவுக்கு விளக்கினான்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகரி சித்தப்பா கேக்கறதுக்கு உங்கப்பா பம்பாய் போயிட்டு வராரா?"

"ஆமாம்மா."

"பாவம்டா. ரயில் டிக்கெட் செலவுக்குப் பயந்து அந்த மனுஷன் மெட்ராஸைத் தாண்டினதில்ல."