நூல் பிடித்த மதில்

நீளச் சுவர் ஒன்று பிழையில்லாமல் எழ மூன்று காரியங்கள் கூடிவர வேண்டும்: வரிகள் மட்டமாக ஓட வேண்டும், முகம் நேராக இருக்க வேண்டும், சுவர் சாயாமல் தூக்காக நிற்க வேண்டும். இலங்கையில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் எனக் கடலோரமாக நெருங்கிக் கிடக்கும் ஊர்களில் மேசன்மாரின் இந்தத் திறமை வளவு மதில்களிலேயே நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையில் வீடுகளையும் மதில்களையும் அடித்துச் சென்றது. பல வளவுகளில் அத்திவாரத்திலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது.

வேலை மூலைகளில் தொடங்குகிறது. 60 அடி மதிலில் ஒரு மூலையின் மட்டத்தை மறு மூலைக்குக் கொண்டுபோக 3 அடி மட்டப்பலகையை 20 தடவை நகர்த்தி வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாக 1 மில்லிமீற்றர் பிசகினால் மறு மூலையில் பிழை 20 மில்லிமீற்றராகிவிடும். அதனால் தண்ணீர் நிரப்பிய தெளிந்த பிளாஸ்டிக் குழாயால் மட்டம் பிடிக்கிறார்கள். இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். இடைத்தூரம் அதைக் கெடுக்காது. ஆனால் குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய்த்துவிடும்.

அடுத்து, இரு மூலைகளிலும் நான்கைந்து வரிகள் படிப்படியாக ஏற்றப்படுகின்றன. இலங்கையின் நியமச் செங்கல் 65 மில்லிமீற்றர் உயரமானது. 10 மில்லிமீற்றர் சாந்து சேர்ந்தால் ஒரு வரி 75 மில்லிமீற்றர். இந்த அளவைக் குறித்த ஒரே கம்பை இரு மூலைகளிலும் நிறுத்திப் பார்த்தால் வரிகள் ஒத்துவரும்.

பிறகு மூலைக்கு மூலை நூல் கட்டப்படுகிறது. எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நீள நூல் தன் பாரத்தால் நடுவில் சற்றுத் தொய்யும். அங்கே மட்டம் பார்த்து ஒரு கல்லை வைத்து நூலைத் தாங்குகிறார்கள். கற்கள் நூலை முட்டக் கூடாது. மயிரிழை இடைவெளி வேண்டும். ஒரு கல் நூலைத் தள்ளினால் அந்த வரி முழுவதும் வெளியே வளைந்துவிடும். கடற்காற்று வீசும் வேளையில் நூல் பக்கவாட்டிலும் வயிறு தள்ளும். அப்போது தாங்குகல் இன்னும் அவசியம்.

தூக்குப் பார்க்கக் குண்டுநூல் உதவுகிறது. காற்றில் ஆடும் குண்டை வாளித் தண்ணீருக்குள் இறக்கினால் ஆட்டம் அடங்கும். சில வரிகளுக்கு ஒருமுறை தூக்குப் பார்த்தால் பிழையைச் சாந்திலேயே சரிப்படுத்தலாம். விட்டுவிட்டால் கல்லைப் பெயர்க்க நேரிடும்.

ஒரே நாளில் ஐந்தடிக்கு மேல் உயர்த்துவதும் ஆபத்து. ஈரச் சாந்து மேற்பாரத்தால் நசுங்கிச் சுவர் சாயும். மணல் நிலம் சமமின்றி இறங்கக்கூடியது என்பதால் நீள மதிலை இடையிடையே தூண் நிறுத்தி, இடைவெளி விட்டுப் பிரிப்பது நல்லது.

முதல் நாள் காலை மூலைகளுக்கே போய்விடும். மதில் உயர்ந்ததாகத் தெரியாது. வீட்டுக்காரர் அந்த நேரத்தில் மேசனை அவசரப்படுத்தக் கூடாது. மதில் நேராக நிற்பதற்கான வேலை அப்போதுதான் நடக்கிறது.