நாட்படுத்துதல்

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது 1879ஆம் ஆண்டில். 2004இல் அது அகலப் பாதையாயிற்று. இடைப்பட்ட 125 ஆண்டுகளில் வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாக அந்தப் பாதையில் சென்றவர்கள், திரும்பியவர்கள், திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. ஆயிரம் மில்லிமீட்டர் இடைவெளியில் கிடந்த தண்டவாளங்கள் போய், அதே வழித்தடத்தில் 1,676 மில்லிமீட்டர் இடைவெளித் தண்டவாளங்கள் கிடக்கின்றன. மேலே மின்கம்பிகள் ஓடுகின்றன. பழைய பாதையின் 106 மீட்டரை மட்டும் நாங்கள் ஒரு பலகையில் செய்து வைத்திருக்கிறோம்.

நாங்கள் என்பது இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் நடத்துபவர், மற்றவர் இயற்பியல். பலகை இருப்பது பாகூரில், ஒரு மாடியறையில். பாகூரில் ரயில் நிலையம் கிடையாது. பெரிய ஏரி உண்டு. மூலநாதர் கோயில் உண்டு. பல்லவர் காலத்தில் இவ்வூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்ததைச் சொல்லும் செப்பேட்டின் புகழ் உண்டு. ரயில் பார்க்க வேண்டுமென்றால் வில்லியனூருக்கோ கடலூருக்கோதான் போக வேண்டும். ரயிலில்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு ரயில்மீது ஏற்படும் பைத்தியம் தனி வகை. நாற்பதைத் தாண்டிய பிறகும் அது தெளிவதில்லை.

அளவுக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உலகில் பரவலாகப் புழங்கும் குறும்ரயில் அளவு ஹெச்.ஓ. எனப்படுவது, மெய்யான பொருளில் 87இல் ஒரு பங்கு. அந்த அளவில் மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் இடைவெளி பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் பிசகை மன்னிக்கும் உலகம் இது. எங்கள் பலகை 4 அடி நீளம், 1 அடி அகலம். 87ஆல் பெருக்கினால் 106 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட நிலம். இதில் நிலையம் வைக்க முடியாது. மீட்டர் கேஜ் பயணிப் பெட்டி ஒன்று இந்த அளவில் ஒரு சாண் நீளம். எஞ்சினும் ஒரு சாண். ஆறு பெட்டிகளை இணைத்தால் வண்டி பலகையை விட்டு வெளியே நிற்கும். ஆகவே வில்லியனூருக்கு மேற்கே வரக்கூடிய ஒரு லெவல் கிராசிங்கை எடுத்துக்கொண்டோம். ஒரு கேட், கேட்கீப்பர் குடிசை, இரண்டு பனை, ஒரு வேம்பு, அறுவடை முடிந்த வயலின் ஓரம், அவ்வளவே.

கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேடு பள்ளங்களைக் காகிதக் கூழில் அமைத்தோம். திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைக் கற்பிக்க வெளிநாட்டுக் கையேடு தேவையில்லை. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் சிறிது மயில்துத்தம் சேர்த்தோம்; பழைய புத்தகம் பைண்டு செய்பவர்களின் வழி. ஐந்து சென்டிமீட்டர் ஜல்லி இந்த அளவில் ரவையளவு ஆகிவிடும். எனவே எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்துத் தண்டவாளங்களுக்கிடையே தூவி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த நீரைப் பீய்ச்சி, பிறகு நீர்த்த ஃபெவிகாலை இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டோம். சோப்பு இல்லையென்றால் பசை உருண்டு நின்றுவிடும், உள்ளே இறங்காது. இயற்பியல்காரர் பரப்பு இழுவிசையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். எஞ்சின் மட்டும் கொஞ்சம் பாடாய்ப்படுத்தியது. தெற்கின் மீட்டர் கேஜ் பாதைகளில் பயணி வண்டிகளை இழுத்த ஒய்.பி. வகுப்பு நீராவி எஞ்சினின் உடலைப் பிளாஸ்டிக் தகட்டிலும் பித்தளைக் கம்பியிலும் செய்து, வேறொரு அளவின், 120இல் ஒரு பங்கு என்னும் அளவின், எஞ்சின் அடிச்சட்டத்தின்மேல் ஏற்றினோம். அந்த அளவில் அகலமான பாதைக்கும் இடைவெளி 12 மில்லிமீட்டர்தான். கடன் வாங்கிய கால்களோடு நடக்கிறது எங்கள் எஞ்சின்.

எல்லாம் முடிந்து ஒட்டியாயிற்று. பார்த்தால் கேக் மாதிரி இருந்தது. சிவப்பு ஓடு சிவப்பாக, வெள்ளைச் சுவர் வெள்ளையாக, கறுப்பு எஞ்சின் கறுப்பாக. தொல்காப்பியம் நடத்துகிறவருக்கு நோய் எதுவென்று தெரிந்துவிட்டது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலம் பலகைக்கு வந்துவிட்டது, பொழுது வரவில்லை.

பொழுதைக் கொண்டுவருவதற்குத்தான் இக்கலையில் வெதரிங் என்று பெயர். தமிழில் இதற்குப் பழமையேற்றல் என்று எழுதிப் பார்த்தோம். அதில் போலிப் பழம்பொருள் விற்பவனின் வாடை அடிக்கிறது. ‘நாட்பட்ட’ என்றொரு நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. நோய்க்கு மட்டும் அதை ஒதுக்கிவிட்டோம். நாட்படுத்துதல் என்பது பொருத்தம் என்று தோன்றுகிறது.

இதற்கு நாங்கள் வாங்கிய பொருள்கள் சொற்பம். ஆசிரியர்களுக்குச் சாக்பீசுக்கு என்ன பஞ்சம்? வண்ணச் சாக்பீஸ்களை உப்புத்தாளில் தேய்த்தால் கிடைக்கும் தூள், மென்தூரிகையால் தடவினால் தூசியாகவே உட்காரும். மேலே மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு. வில்லியனூர் மண்பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. எங்கள் வீட்டில் உடைந்து கிடந்த குதிரையொன்றின் காலை அம்மியில் அரைத்தோம். சீமை ஓட்டுக் கூரைக்கு அதைவிட மேலான நிறத்தை எந்த நாட்டிலிருந்தும் தருவிக்க முடியாது. பத்துப் பங்கு நீரில் ஒரு பங்கு கரும்பழுப்பு வண்ணம் கலந்து பூசினால் இடுக்குகளில் போய்த் தங்கும். காய்ந்த தூரிகையில் வெளிர்நிறம் தொட்டு இழுத்தால் விளிம்புகளில் மட்டும் பிடிக்கும். தொழில்நுட்பம் இவ்வளவுதான். கடினமானது வேறு: எந்தக் கறை எதனால் வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு இருக்கும், தலையில் இருக்காது. சக்கரம் உருளும் தலைப்பகுதி வெள்ளிபோல் மின்னினால்தான் அங்கே வண்டி ஓடுகிறது என்று பொருள். புதுத் துரு ஆரஞ்சு, முதிர்ந்த துரு காப்பிக்கொட்டை நிறம். வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் தேய்ந்து உதிரும் தூள்தான் நிலையங்களை ஒட்டிய ஜல்லியைப் பழுப்பாக்குகிறது. வண்டி நில்லாமல் போகும் இடத்தில் அது குறைவு, ஆகவே எங்கள் 106 மீட்டரில் ஜல்லி ஏறக்குறைய சாம்பல் நிறத்திலேயே இருக்க வேண்டும். நீராவி எஞ்சினின் உச்சியில் கரி படியும். நீர் கசியும் இடங்களில், உப்பு நீராக இருந்தால், சுண்ணாம்புக் கோடுகள் வெள்ளையாக இறங்கும். ஓட்டுநர் பற்றி ஏறும் கைப்பிடி மட்டும் எப்போதும் பளபளக்கும். குடிசைச் சுவரின் அடிப்பகுதியில், மழை தரையில் விழுந்து தெறித்த செம்மண் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருக்கும்; பலகையில் அது 5 மில்லிமீட்டர்ப் பட்டை. பெட்டிக் கழிப்பறைகள் நேரே பாதையில் திறந்திருந்த காலம் என்பதால் தண்டவாளங்களின் நடுவே இருந்திருக்கக்கூடியதைக் காட்டுவதா என்றும் விவாதம் நடந்தது. காட்டவில்லை. நமது யதார்த்தவாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

உலகில் இதைப் பெருங்கலையாகச் செய்தவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவின் ஜான் ஆலன், பளபளக்கும் பொம்மை ரயில்களின் காலத்திலேயே துருவும் கரியும் உளுத்த பலகையுமாகத் தம் வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் ஒரு மலைநாட்டை எழுப்பியவர். நடுவே ஒரு ஸ்டெகோசரஸ் டைனோசரைப் பெட்டி இழுக்கும் எஞ்சினாகவும் வைத்திருந்த குறும்பர். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாள்களில் அவருடைய ரயில் நாடும் தீயில் அழிந்தது. எங்களுக்கு அவரைவிட நெருக்கமானவர் ரோய் இங்கிலாந்து. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்துக்கு வந்தவர், கூரை வேய்ந்த பழங்குடிசைகள் கண்ணெதிரே மாறிவருவதைக் கண்டு, கிராமங்களை அளந்து 76இல் ஒரு பங்காகச் செய்யத் தொடங்கினார். லாங் விட்டன்ஹாம் என்ற சிற்றூரில் பெண்டன் அருங்காட்சியகமாக அது நிற்கிறது. பூனாவில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி குறும்ரயில் அருங்காட்சியகம் நம் நாட்டவருக்கு இப்பொழுதுபோக்கின் வாசல். இத்தனை பேரிடமும் கற்றுக்கொண்டு, இரண்டு மாதம் உழைத்து, கேட்டையும் குடிசையையும் எஞ்சினையும் நாட்படுத்தி முடித்தோம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், பாசி படர்ந்த கூரை, துருவேறிய கேட், ஜல்லிக்கிடையே தேங்காய் நாரால் செய்த புல். புகைப்படம் எடுத்தால் மெய்யென்றே நம்புவார்கள்.

இயற்பியல்காரரின் பெரியப்பா அந்தப் பாதையில் வேலை பார்த்தவர். கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாகி, நாள்தோறும் சுத்தியலோடு பாதை நெடுக நடந்து சாவிகளை இறுக்கியவர். மீட்டர் கேஜ் போன காலத்தையொட்டி அவரும் ஓய்வு பெற்றார். எண்பதை நெருங்குகிறார். மாடியேற்றி அழைத்து வந்து, நாற்காலி போட்டு, விளக்கைத் திருப்பிக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். விரலால் எதையும் தொடவில்லை. பிறகு கேட்டார்:

“இது வண்டி ஓடுற லைனா தம்பி, தூக்கிப்போடப் போற லைனா?”

ஓடுகிற லைன்தான் என்றோம்.

“அப்ப ஜல்லியில எப்படிப் புல்லு மொளைச்சுது? மேஸ்திரி எங்கள சும்மா உடுவாரா? கேட்டுக்கு பெயிண்ட் அடிக்காம யாரு உட்டது? நாங்க அப்படி வச்சுக்கல தம்பி.”

கோபமில்லை. அவமானப்பட்டவரின் குரல் அது. உலகெங்கும் இக்கலையின் மேன்மையாகக் கருதப்படும் ஒன்று, முப்பது சொச்சம் ஆண்டுகள் அந்தப் பாதையைப் பராமரித்தவருக்கு எதிரான சாட்சியமாக அவர் முன் கிடந்தது. சிதைவை அழகாகக் காண்பதற்கு அதிலிருந்து சிறிது தொலைவு வேண்டும் போலிருக்கிறது. அதைத் தினமும் துடைத்தவருக்கு அந்தத் தொலைவு இல்லை. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குச் செம்பும் களிம்பும் நினைவுக்கு வரும்: களிம்பு செம்போடு உடன்பிறந்தது என்பார்கள். பெரியப்பாவின் சித்தாந்தத்தில் களிம்பு என்பது இன்று காலை யாரோ தேய்க்காமல் விட்டது.

அவர் போன பிறகு நாங்கள் இருவரும் வெகுநேரம் வாதிட்டோம். இயற்பியல்காரர், தம் பெரியப்பா என்றும் பாராமல், நினைவு எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிடுகிறது என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. மார்கழியில் பாசி பிடிக்காத ஓட்டுக் கூரை நம் வட்டாரத்தில் எங்கே இருந்தது? ஆனால் பெரியப்பாவின் முதற்கேள்விக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும். எங்கள் கண்ணில் நிற்பது கடைசிக் காலத்து மீட்டர் கேஜ். எப்படியும் அகற்றப்போகிறோம் என்று தெரிந்தபின் எந்தப் பாதைக்கும் எவரும் புதுப் பெயிண்ட் அடிப்பதில்லை. அவர் கேட்பது தாம் இளைஞராக நடந்த 1970களின் பாதை. இரண்டும் மெய். 4 அடிப் பலகையில் இரண்டுக்கும் இடமில்லை.

எஞ்சின் நீராவி எஞ்சின். அதுவே ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொன்னது. கறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது வேலையால் வந்ததா வேலை நின்றதால் வந்ததா என்று கேட்டோம். கரி, எண்ணெய், சுண்ணாம்புக் கோடு, தண்டவாளப் பக்கத்துத் துரு, சுவரடிச் செம்மண் ஆகியவை தங்கின. கேட் புதிதாகச் சிவப்பும் வெள்ளையும் பூசிக்கொண்டது. அதற்குமேல் ஒரு கோடையின் தூசி மட்டும். சுவருக்குப் பொங்கல் வெள்ளை. இரண்டு மாதம் பழையது. கூரைப் பாசியை மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வடக்குப் பக்கம், வேப்பமர நிழலில், ஒரு கை அகலத்துக்கு அது இருக்கிறது. அடுத்த முறை வந்தபோது பெரியப்பா அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

தண்டவாளத் தலையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு முகம் மலர்ந்தது. குறும்ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியே சக்கரத்துக்குப் போகிறது. தலையில் தூசியோ பெயிண்டோ இருந்தால் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்னும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாக வேண்டும். தினமும் செய்யணுமா என்று கேட்டார். ஆமாம் என்றதும், துணியை வாங்கி நான்கடியையும் தாமே துடைத்தார்.

புல்லை இடுக்கியால் பிடுங்கத் தொடங்கினோம். ஃபெவிகால் லேசில் விடாது; ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. உடனிருந்து பார்த்தவர், பிடுங்கியதைக் குப்பைத் தொட்டியில் போடப் போனபோது தடுத்தார்.

“அத எங்க கொண்டு போறீங்க? கொத்தி எடுத்தத அங்கயே ஓரமா குமிச்சு வச்சுருவோம். காய்ஞ்சுதான் கெடக்கும்.”

எங்கே என்று கேட்டோம். ஜல்லிச் சரிவு முடிகிற இடத்தில், பத்தடிக்கு ஒன்றாக, என்றார். பத்தடி என்றால் மூன்றரை சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் சின்னச் சின்னக் குவியலாக வைத்து ஒட்டினோம். நிறம் எப்படி என்று கேட்டதற்குச் சற்று யோசித்து, மேலே வாடியிருக்கும், அடியில் இன்னும் பச்சை இருக்கும் என்றார். முந்தின நாள் பிடுங்கியது போல.