கோலம் இல்லாத நாட்கள்

அம்மாவிடம் மூன்று கோல நோட்டுகள் இருக்கின்றன. முதல் நோட்டு 1986இல் தொடங்குகிறது. எங்கள் ஊர் பண்ருட்டிக்குப் பக்கத்தில். பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது அப்பாவின் கரண்ட் பில்கள் வருட வாரியாக நூல் கட்டி டிரங்குப் பெட்டிக்குள் இருந்தன. அம்மாவின் நோட்டுகள் பழைய பேப்பர்காரருக்கு ஒதுக்கிய கட்டில் இருந்தன. வேண்டுமென்று யாரும் போடவில்லை. பார்த்தவர்களுக்கு அதை எடுத்து வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நான் எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டேன்.

"15 புள்ளி, 8 வரை, இடுக்கு" என்று ஒரு பக்கத்தின் தலையில் இருக்கும். கோலம் போடுகிறவர்களுக்கு அது போதும். நடுவரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8இல் நிற்கும். கூட்டினால் 169 புள்ளி. அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவள். தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கணங்களில் ஒன்றாக எழுதிய கட்டுரை 1974இல் வந்தது. அதை எழுதிய மூவரில் இருவர் பெண்கள் என்பதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அதுக்குக் கூடவா கட்டுரை?" என்றாள்.

ஆனால் நான் அந்த நோட்டைப் படிப்பது கோலத்துக்காக இல்லை. ஒவ்வொரு கோலத்துக்கும் பக்கத்தில் தேதி போட்டு, பென்சிலில் ஒரு வரி எழுதியிருக்கிறாள். "மழை. கரைந்துவிட்டது." "மாவு தீர்ந்தது, சுண்ணாம்புப் பொடி." மாதத்தில் மூன்று நாள் "அத்தை போட்டார்" என்று வரும், அத்தை என்றால் என் அப்பாயி. தீட்டு என்ற சொல்லை அம்மா ஒரு இடத்திலும் எழுதவில்லை. 1987 டிசம்பர் 25 அன்று "எம்.ஜி.ஆர். தெருவில் யாரும் போடவில்லை" என்று இருக்கிறது. மார்கழி மாதத்தில் ஒரு தெரு முழுக்க வெறும் வாசல்.

1992 ஆகஸ்டில் 19 நாட்கள் காலி. அத்தை போட்டார் என்றுகூட இல்லை. இருபதாம் நாள் ஒரு சின்னக் கோலம், ஐந்து புள்ளி. பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அப்போது நான்கு வயது, எதுவும் நினைவில்லை. போன வருடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது நிக்கல. அஞ்சு மாசம்" என்றாள். பிறகு, "உங்கப்பாவுக்குத் தேதி ஞாபகம் இருக்காது" என்றாள். வீட்டில் வேறெங்கும் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை, பெயர் இல்லை. பத்தொன்பது தேதிகள் வரிசையாக எழுதி, பக்கத்தில் வெறும் காகிதம் விட்டிருப்பதுதான் இருக்கிறது. அந்த இடத்தை அவள் வேறு எதற்கும் பயன்படுத்தவில்லை. காகிதத்தை வீணாக்காத பெண் என் அம்மா. மற்ற ஓரங்களில் எல்லாம் பால் கணக்கு ஓடும்.

பால் கணக்குக்கு அடுத்து அதிகம் இருப்பது பலாக் கணக்கு. சித்திரை முதல் ஆடி வரை எங்கள் பக்கம் பலா இல்லாத வீடு கிடையாது. பலாப்பழம் அரிவதைச் சின்ன வேலை என்று நினைப்பவர்கள் அரிந்து பார்த்ததில்லை. சாக்கை விரித்து, கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவி, நீளவாக்கில் பிளந்து, நடுத்தண்டைச் சீவி, வழியும் பாலைக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, நாரை விலக்கிச் சுளை சுளையாகப் பிடுங்கி, கொட்டையையும் அதைச் சுற்றிய தோலையும் எடுக்க வேண்டும். ஒரு சுளை ஒரு பூ. கருத்தரிக்காத பூக்கள்தான் நாராக நிற்கின்றன என்று தாவரவியல் வகுப்பில் படித்தபோது நான் அம்மாவின் விரல்களை நினைத்தேன். தோல் மாட்டுக்கு, கொட்டை சாம்பாருக்கு. முடித்து எழுந்தால் இடுப்பு நிமிராது. கையில் பிசின் இரண்டு நாள் இருக்கும்.

"பலா. 142 சுளை. 11 வீடு" என்கிறது ஒரு குறிப்பு. கீழே பட்டியல்: பெரியம்மா வீட்டுக்கு 20, டீச்சர் வீட்டுக்கு 10, அவருக்கும் பிள்ளைகளுக்கும் 30... நான் கூட்டிப் பார்த்தேன். 142 சரியாக வந்தது. அம்மாவுக்கு என்று ஒன்றும் இல்லை.

இதைச் சொன்னால் பெண்ணியக் கட்டுரைக்கு நல்ல இடம் கிடைத்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். அம்மா சிரித்துவிட்டாள். "அடியே, அரியிறவ வாயிலதான்டி முதல் சுளை போகும். இனிப்பா இல்லையான்னு பாக்காம எப்படிக் குடுக்கிறது? அதையெல்லாம் கணக்குல எழுதுவாங்களா?" பாதி நம்புகிறேன். தின்றதை எழுதாமல் விடும் தந்திரம் அவளுக்கு இருந்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மூன்று நோட்டிலும் எந்தப் பக்கத்திலும் "நான்" என்ற சொல்லே இல்லை. "போட்டேன்", "கொடுத்தேன்" என்ற வினைமுற்றுக்குள் ஒளிந்துகொள்ளத் தமிழ் வசதி செய்து கொடுத்திருக்கிறது.

சென்னையில் நான் இருக்கும் குடியிருப்பில் கோலம் சம்பளத்துக்குள் அடக்கம். வீட்டுவேலைக்கு வரும் அக்கா காலையில் நான்கு வாசலில் போட்டுவிட்டு, தன் வாசலில் போட நேரமில்லாமல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். யார் வாசல், யார் கை என்ற கேள்வியை அம்மாவின் நோட்டு எனக்குச் சொல்லித் தரவில்லை. இந்த அக்கா சொல்லித் தந்தார். 2019 டிசம்பரில் பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்ட பெண்களைப் போலீஸ் வேனில் ஏற்றியபோது, "கோலத்தைப் படிச்சுட்டாங்களே!" என்று அவர்தான் முதலில் சொன்னார்.

நோட்டுகளை ஸ்கேன் செய்துவிட்டேன். அச்சிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். பலாக் கணக்கைப் போடலாம், கோலத்தையும் போடலாம், அந்தப் பத்தொன்பது நாள் பக்கத்தை யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை. மூன்றாவது நோட்டை மட்டும் உடனே அனுப்பி வைக்கச் சொன்னாள். பின்பக்கத்தில் நாற்பது தாள் மிச்சம் இருக்கிறதாம்.