மலையைப் பார்த்து ஒரு ஜெபம்

கஷ்டகாலத்தில் 121-ம் சங்கீதத்தைத் திறப்பவர்கள் நிறைய. கம்பம் பள்ளத்தாக்கில் அதற்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. இரண்டு பக்கமும் மலை. 1895-ல் பெரியாறு அணை வந்ததிலிருந்து நெல்லுக்குத் தண்ணீரும் மலையிலிருந்துதான். ஆனால் சங்கீதக்காரன் ஒத்தாசையை மலையிடம் கேட்கவில்லை, மலையைப் படைத்தவரிடம் கேட்கிறான். (அணை நிரம்பாத வருஷத்தில் இந்த வித்தியாசம் விவசாயிக்கு நன்றாகவே புரியும்!)

முதல் இரண்டு வசனங்களில் 'என்' என்று பேசுகிறவன் மூன்றாவதில் 'உன்' என்று மாறிவிடுகிறான். தனியாக ஜெபிக்கிறவர்கள் அந்த 'உன்'னையும் 'என்' ஆக்கிச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், மழை பெய்யும், கடன் தீரும் என்றெல்லாம் அதில் வாக்குறுதி இல்லை. 91-ம் சங்கீதத்தைக் காட்டி, 'குதி' என்று இயேசுவிடம் சொன்னது சாத்தான்தானே!

அதையும் சொல்ல மனசு வராத நாளுக்கு 13-ம் சங்கீதம் இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் என்று நாலு தடவை கடவுளையே கேட்கும் ஜெபம் அது.